திங்கட்கிழமைக் கைகள்

"தலைவரே, காப்பின்னா குடிக்கணும். இப்படி எதிர்ல வெச்சு உத்துப் பார்த்தா அது ஜோசியம் சொல்லாது."

ஹல்வார்ட் சொன்னதைத் தூரிட் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஓலெசுண்ட் படகுத்துறையில் கட்டியிருந்த கப்பலின் கிரேன் அறையில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆள் உட்காரும் அறை அது. எதிரே ஒரு திரை. திரையில் ஒரு பச்சை விளக்கு; கப்பல் ஆடாமல் இருக்கும்போது மட்டும் எரியும், அப்போதுதான் சுமையை இறக்கலாம். அதன் கீழே, தட்டையான பலகையில், விளிம்பு வரை ஊற்றிய காகிதக் கோப்பை.

"விரைவுப் படகு எத்தனை மணிக்கு?" என்றாள் தூரிட்.

"பத்து அஞ்சுக்குக் கிளம்பும். எங்கிட்டயா கேக்குறீங்க? முப்பது வருஷம் ஃபெரிப் படகுல ஸ்வேலெ தோசை சுட்டு வித்தவன் நான். இந்த ஃபியோர்டுத் தண்ணியில எந்தப் படகு எப்போ தும்மும்னு எனக்குத் தெரியும்."

ஹல்வார்டுக்கு வயது அறுபத்து மூன்று. கடலுக்கடியில் சுரங்கப்பாதை வந்ததும் அவருடைய ஃபெரி நின்றுபோனது. தோசைக்கல்லை மகளிடம் கொடுத்துவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவளான தூரிட்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார். தூரிட் போலீசை விட்டு விலகித் தனியாகத் துப்பறியத் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு வருடங்களாக இருவரும் ஒரே காரில் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள்.

இந்த வழக்கை அவர்களிடம் கொண்டுவந்தவள் குன்வோர் லோங்வா. கணவன் ஐவிந்த், இதே போன்ற இன்னொரு கப்பலில் கிரேன் ஓட்டியவன். ஆறு வாரங்களுக்கு முன், மீன் பண்ணைக்கு நங்கூரமாகப் போடும் ஆறு டன் கான்கிரீட் கட்டியை இறக்கும்போது கப்பல் சாய்ந்தது. கட்டி ஊசலாடித் திரும்பி வந்து, அவன் உட்கார்ந்திருந்த அறையை நசுக்கிவிட்டது. கப்பல் நிறுவனம் அந்த நாளைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டிப் பார்த்தது. அறிக்கை தயார். வெள்ளிக்கிழமை கையெழுத்தாகும். அதில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: பச்சை அணைந்த பிறகும் லீவரை அழுத்தினார், தவறு அவருடையதே.

"இருபத்திரண்டு வருஷத்துல அவர் ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்ல," என்றாள் குன்வோர், முதல் நாள் வந்தபோது. "என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிங்க. தப்பு யாரோடதா இருந்தாலும் சரி."

பத்து ஏழுக்கு விரைவுப் படகு கடந்து போனது. அது கிளப்பிய அலை கப்பலின் விலாவில் மோதியது. கப்பல் மெல்லச் சாய்ந்தது. காப்பி தளும்பி ஹல்வார்டின் கால்சட்டையில் கொட்டியது.

"ஐயோ!"

"விளக்கைப் பாருங்க!"

காப்பி கொட்டிவிட்டது. கப்பல் சாய்ந்துவிட்டது. விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. பிறகுதான் அணைந்தது.

ஹல்வார்ட் துடைப்பதை நிறுத்தினார். "காப்பிக்குத் தெரிஞ்ச விஷயம் இந்த விளக்குக்குத் தெரியலையே!"

"ஒரு நொடி," என்றாள் தூரிட். "கப்பல் எப்படி ஆடுதுன்னு இந்தத் திரை நொடிக்கு ஒரு தடவைதான் கேட்டுக்குது போலிருக்கு. நடுவுல என்ன ஆனாலும் அதுக்குத் தெரியாது. பழைய பச்சையையே காட்டிக்கிட்டு இருக்கும்."

"அப்போ ஐவிந்த் பார்த்தது நிஜமான பச்சைதான். ஆனா ஆறின பச்சை. கேஸ் முடிஞ்சுது! வாங்க, கால்சட்டை மாத்தணும்."

"முடியல. நமக்குப் பத்து நிமிஷத்துல தெரிஞ்சது, இருபத்திரண்டு வருஷம் இந்த நாற்காலியில உக்காந்த மனுஷனுக்குத் தெரியாதா?"

ஹல்வார்ட் ஈரக் கால்சட்டையோடு மறுபடி உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருக்கும்," என்றாள் தூரிட். "தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் ஒரு நொடி பொறுக்கல? அதைத்தான் நாம கண்டுபிடிக்கணும்."

*

பயிற்சிக் கூடம் துறைமுகத்தை ஒட்டியே இருந்தது. அங்கேதான் கிரேன் ஓட்டுநர்கள் சிமுலேட்டரில் பயிற்சி பெறுவார்கள். அதே நாற்காலி, அதே லீவர், சுற்றிலும் திரையில் கடல். கப்பல் நிறுவனம் விபத்து நாளை மறுபடி ஓட்டிப் பார்த்ததும் அதில்தான். இந்த வருடம் முதல், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அதில் நடக்கும் தேர்வில் தேறினால்தான் கடலுக்குப் போக முடியும் என்று விதி.

பயிற்சியாளர் ஸ்டோலெ நல்ல மனிதர். ஐவிந்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது.

"உக்காந்து பாருங்க," என்று தூரிட்டை நாற்காலியில் ஏற்றினார். திரைக் கடல் எழும்பியது, கப்பல் சாய்ந்தது, அந்தக் கணமே பச்சை அணைந்தது. நிமிர்ந்தது, அந்தக் கணமே எரிந்தது. ஒரு துளி தாமதம் இல்லை.

"இங்க விளக்கு சுறுசுறுப்பா இருக்கே," என்றார் ஹல்வார்ட். "துறையில இருக்கறது அதுக்குப் பெரியப்பாவா?"

ஸ்டோலெ சிரிக்கவில்லை. "இது மூணு கம்பெனியோட சரக்கு. கடலை ஒருத்தர் செஞ்சாங்க, கப்பலை ஒருத்தர், கிரேனை ஒருத்தர். ஒவ்வொண்ணும் ஒரு பூட்டின பெட்டி மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு யாரும் யாருக்கும் காட்ட மாட்டாங்க, தொழில் ரகசியம். ஆனா பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசணுமே. அதுக்கு ஒரு பொது விதி இருக்கு. என்ன பேர்ல, என்ன அளவுல, எத்தனை தடவை பேசணும்னு. அவ்வளவுதான் வெளியில தெரியும்."

"எத்தனை தடவை பேசுது?"

"கப்பல் பெட்டி நொடிக்கு அம்பது தடவை. கிரேன் பெட்டி ஒரே ஒரு தடவை."

தூரிட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த ஒரு நொடி மௌனத்துல கிரேன் என்ன செய்யும்?"

"நல்லாக் கேட்டீங்க. அதுலதான் ஆரம்பத்துல பெரிய சண்டை. ஒரு வழி, கடைசியாச் சொன்னதையே திரும்பச் சொல்றது. அப்படித்தான் முதல்ல வெச்சாங்க. படம் திக்கித் திக்கி ஓடுச்சு, ஏறினவன் எல்லாம் வாந்தி. நான் வாளியோட நின்னேன். இன்னொரு வழி, ஆட்டத்தோட போக்கை வெச்சு அடுத்து என்ன வரும்னு ஊகிச்சு இட்டு நிரப்பறது. அதுக்காக நடுவுல ஒரு இணைப்பு புரோகிராம் எழுதினாங்க. என்னமா எழுதினாங்க தெரியுமா? பால் மாதிரி ஓடுச்சு. நாங்க கேக் வெட்டிக் கொண்டாடினோம்."

"எழுதினது யாரு?"

ஸ்டோலெ தயங்கினார். "உங்களுக்குத் தெரியாதா? குன்வோர்தான். ஐவிந்தோட மனைவி."

தூரிட் ஹல்வார்டைப் பார்த்தாள். குன்வோர் கம்ப்யூட்டர் பொறியாளர் என்பது இருவருக்கும் தெரியும். எதை எழுதினாள் என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

"ஐவிந்தோட தேர்வுத் தாள்களைப் பார்க்கலாமா?"

மூன்று தாள்கள் வந்தன. முதல் தேர்வு: தோல்வி. இரண்டாவது: தோல்வி. மூன்றாவது: தேர்ச்சி. தோற்ற இரண்டு தாள்களிலும் ஒரே குற்றச்சாட்டுதான், வரிசை வரிசையாக: தாமதம், தாமதம், தாமதம்.

"பச்சை வந்த உடனே இறக்கணும். அவர் இறக்க மாட்டார்," என்றார் ஸ்டோலெ. "வயசாயிடுச்சு, கை மெதுவாயிடுச்சுன்னு நினைச்சேன். பாவமா இருந்துச்சு. மூணாவது தடவையும் போச்சுன்னா அவர் கரையிலதான் வேலை பார்க்கணும்."

ஹல்வார்ட் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை ஆராய்ந்தார்.  

"தலைவரே, என் ஃபெரிக்கு லேட்டா ஓடி வர்றவங்களை முப்பது வருஷம் பார்த்திருக்கேன். சோம்பேறி ஒரு நாள் அரை நிமிஷம் லேட்டா வருவான், ஒரு நாள் பத்து நிமிஷம். இவரைப் பாருங்க. ஒரு நொடி. ஒரு நொடி. ஒண்ணு புள்ளி ஒண்ணு. ஒரு நொடி. எல்லாத் தடவையும் ஒரே அளவு லேட்டா வர்றவன் லேட்டா வரல. சொல்லிவெச்ச மாதிரி சரியா வர்றான்."

தூரிட் தாளை வாங்கிப் பார்த்தாள்.  "எண்ணியிருக்கார். பச்சை வந்ததும் மனசுக்குள்ள ஒண்ணுன்னு எண்ணி, அது நிலைக்குதான்னு பார்த்து, அப்புறம் அமுக்கியிருக்கார். நிஜக் கிரேன்ல அப்படித்தான் செய்யணும். கைக்கு அது பழகியிருந்துச்சு."

ஸ்டோலெயின் முகம் வெளுத்தது. "அப்போ நான் ஃபெயில் போட்டது..."

"சரியாச் செஞ்சதுக்கு."

 பின்னால் திரைக் கடல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"மூணாவது தேர்வு திங்கட்கிழமை," என்றாள் தூரிட். "அதுல ஒரு தாமதம்கூட இல்லையே. நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லவே இல்ல! வெள்ளிக்கிழமை ரெண்டாவது தடவை தோத்ததும், வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்கன்னுதான் சொன்னேன். திங்கட்கிழமை வேற ஆளோட கையை மாட்டிக்கிட்டு வந்த மாதிரி வந்தார். பச்சை, அமுக்கு. பச்சை, அமுக்கு. எனக்கே ஆச்சரியம்."

"இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ரெண்டு நாள் தூக்கத்துல போகாது. நடுவுல யாரோ பயிற்சி குடுத்திருக்காங்க. சனி ஞாயிறு இந்த அறையை யார் திறந்தாங்க?"

ஸ்டோலெ கதவின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் தேடினார். சனிக்கிழமை யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓர் அட்டை. காலை பதினொன்று ஐந்துக்கு உள்ளே, பிற்பகல் மூன்று பத்துக்கு வெளியே.

அட்டைக்குரியவரின் பெயரை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

*

காரை எடுக்காமல் தூரிட் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பனிமழை வழிந்தது.

"ஞாயித்துக்கிழமை யார் வந்தாங்கங்கற தாளை மட்டும் கடல்ல விட்டுடலாம்," என்றார் ஹல்வார்ட். "மீனுக்குப் படிக்கத் தெரியாது. கிரேன் கம்பெனி ஒழுங்காச் சொல்லல, தப்பு அவங்களோடதுன்னு எழுதுங்க. அதுவும் உண்மைதானே?"

"பாதி உண்மை."

"ஆறு வாரம் ஆச்சு புருஷனைப் புதைச்சு. அந்தப் பொண்ணுக்குப் பாதி போதும், தூரிட்."

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வருடத்துக்கு ஒரு முறைதான்.

தூரிட் மடியிலிருந்த பட்டியலைக் காட்டினாள். அதே சிமுலேட்டரில் தேறி இப்போது கடலில் இருப்பவர்கள், பதினொரு பேர். ஸ்டோலெ கப்பல் நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. பட்டியலின் முதல் பெயர் யூஸ்தைன். அவனுக்கு இன்று மதியம் இரண்டு மணிக்கு வேலை.

"இணைப்பு குன்வோரோடது. அவங்களுக்குத் தெரியாம இதை நிறுத்த முடியாது," என்றாள்.

ஹல்வார்ட் பட்டியலைப் பார்த்தார். பிறகு இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டார்.

*

கிஸ்கே தீவில், கடலைப் பார்த்த மஞ்சள் வீடு. உள்ளே வெளியைவிடக் குளிர். குன்வோர் கம்பளிச் சட்டைக்கு மேல் ஐவிந்தின் மேல்கோட்டைப் போட்டிருந்தாள்.

"மன்னிக்கணும், அடுப்பு மூட்டல. விறகு எல்லாம் அவர் பிளந்து அடுக்கினது. எடுக்க மனசு வரல." காப்பி ஊற்றினாள். "ஏதாவது தெரிஞ்சுதா?"

சமையலறை மேசையில் வைத்துச் சொல்லப்படும் சேதிகளைத் தூரிட் வெறுத்தாள். போலீசை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சொன்னாள், தெரிந்த வரிசையிலேயே. காப்பி கொட்டியது. விளக்கு ஒரு நொடி பிந்தியது.

"அப்போ அவர் பச்சையைப் பார்த்துத்தான் அமுக்கினாரு!" குன்வோர் மேசையைத் தட்டினாள். ஆறு வாரத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. "நான் சொன்னேன்ல! அவர் மேல தப்பில்ல! ஒரு நொடி பழசை ஏன் காட்டுது அந்தக் கிரேன்?"

"அது நொடிக்கு ஒரு தடவைதான் கேட்டுக்குதாம்."

குன்வோரின் கை மேசையிலேயே நின்றது.

"நொடிக்கு ஒரு தடவை," என்றாள் மெல்ல. "கிரேன் பெட்டியும் நொடிக்கு ஒரு தடவைதான் பேசும். பெட்டி சோம்பேறித்தனமா எழுதியிருக்குன்னு நினைச்சேன். கம்பெனிக்காரங்க கஞ்சத்தனம் பண்ணிட்டாங்கன்னு... நடுவுல நான் நிரப்பிட்டேன். நிஜக் கிரேனே அப்படித்தான் பேசும்னு..." அவள் எழுந்து நின்றாள். "யாரும் சொல்லல. விதியில எத்தனை தடவைன்னுதான் இருந்துச்சு, ஏன்னு இல்ல. பெட்டி பூட்டியிருந்துச்சு. ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல."

தூரிட் மூன்று தாள்களையும் மேசையில் வைத்தாள். மேற்கொண்டு எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எண்களைப் படிக்கத் தெரிந்தவள் அவள். ஒரு நொடி, ஒரு நொடி, ஒரு நொடி என்று விரல் இறங்கியது. மூன்றாவது தாளுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை," என்றாள் குன்வோர்.

"நீங்க சொல்லணும்னு அவசியமில்ல."

"வர மாட்டேன்னாரு. 'கை கேக்க மாட்டேங்குது குன்வோர்'னாரு. நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். நாற்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். பச்சை வரும்போதெல்லாம் அவர் தோள்ல தட்டினேன். இப்போ. இப்போ. இப்போ. நாலு மணி நேரம். முதல்ல கை ஒவ்வொரு தடவையும் தயங்குச்சு. அப்புறம்..." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அப்புறம் நான் தட்டவேண்டியிருக்கல. வர்ற வழியில பெட்ரோல் பங்க்ல நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கினோம். ஜனவரியில! பைத்தியம் மாதிரி சிரிச்சோம். எம் புருஷனை நான் காப்பாத்திட்டேன்னு நினைச்சேன்."

ஹல்வார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூரிட் பட்டியலை நீட்டினாள்.  "குன்வோர், இன்னும் பதினொரு பேர் அதே சிமுலேட்டர்ல தேறியிருக்காங்க. யூஸ்தைனுக்கு ரெண்டு மணிக்கு வேலை. ஆபீஸ்ல வியாழக்கிழமைங்கறாங்க. நான் பேசினா அவங்களுக்குப் புரியாது. எது, ஏன் தப்புன்னு உங்களாலதான் சொல்ல முடியும்."

கடிகாரத்தில் ஒன்றரை. குன்வோர் முகத்தைக் கோட்டுக் கையில் துடைத்தாள். தொலைபேசியை மேசை நடுவே வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, எண்களை அழுத்தினாள்.

"யூஸ்தைன்? நான் குன்வோர். ஐவிந்தோட மனைவி."

"குன்வோர்! எப்படி இருக்கீங்க? நானே பேசணும்னு..." காற்றும் எந்திர இரைச்சலும் கலந்து வந்தது குரல்.

"கேளுங்க. திரையில காட்டற பச்சை ஒரு நொடி பழசு. சிமுலேட்டர்ல அது தெரியாது. அது என்னோட தப்பு. வந்த உடனே அமுக்காதீங்க. ஒண்ணுன்னு எண்ணிட்டு அமுக்குங்க."



"அதுவா? அது எங்களுக்குத் தெரியுமே," என்றான் யூஸ்தைன். "தேர்வுல மட்டும் உடனே அமுக்குவோம், இல்லாட்டி ஃபெயில் போட்டுடுவாங்க. கடலுக்கு வந்துட்டா எண்ணிட்டுத்தான். யாரும் வெளிய சொல்றதில்ல, சர்டிஃபிகேட் போயிடுமே. எனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்ததே ஐவிந்த்தான்."

தூரிட் கையை நீட்டி இணைப்பைத் துண்டிக்கப் பார்த்தாள். குன்வோர் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அப்போ அவரு மட்டும் ஏன் எண்ணல?"

"ஜனவரியில விட்டுட்டாரு." அவன் குரல் இறங்கியது. "நான்கூடக் கேட்டேன், ஏன் ஐவிந்த், எண்ணலையான்னு. 'இனிமே வேணாம்டா. சிமுலேட்டர் இணைப்பை எழுதினது எம் பொண்டாட்டி. அவ இப்போன்னு சொன்னா இப்போதான்'னு சொல்லிச் சிரிச்சாரு. ரொம்பப் பெருமை அவருக்கு... குன்வோர்? லைன்ல இருக்கீங்களா?"

எந்திர இரைச்சல் மட்டும் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கேன்," என்றாள் குன்வோர். "இன்னிக்கு எத்தனை இறக்கணும்?"

"நாலு."

"பார்த்துச் செய்யுங்க, யூஸ்தைன்."

தொலைபேசியை அணைத்தாள். வெகுநேரம் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். 

"மத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றாள் தூரிட், கெஞ்சுவது போல. "நீங்க கூப்பிடவேண்டியதில்ல. நான் கூப்பிடறேன்."

"ஒருத்தருக்குத் தெரியாம இருக்கலாம்."

இன்னும் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் யார் வேண்டுமானாலும், துக்கம் விசாரிக்கும் அக்கறையில், ஐவிந்த் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதை இன்னொரு முறை சொல்லிவிடக்கூடும். அது அவளுக்குத் தெரியும் என்பதைத் தூரிட் அவள் முகத்திலேயே பார்த்தாள்.

குன்வோர் பட்டியலில் முதல் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டாவது பெயருக்கு எதிரே இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள்.